இலவச லிவர் ஸ்கேன் முகாமுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

எனக்கு 44 வயது, 103 கிலோ. போன மாதம் எங்கள் தெருக்கோடி கல்யாண மண்டபத்தில் ஒரு தனியார் மருத்துவமனை இலவச ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன்) முகாம் நடத்தியது. குண்டாக இருப்பவர்கள் அவசியம் வரணும் என்று நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். போனதும் பொங்கலும் காபியும் தந்தார்கள். அரை மணி நேரத்தில் என் முறை வந்தது.

விலா இடுக்கில் கருவியை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ஈரலின் இறுக்கம் 14.2 கிலோபாஸ்கல். "ஈரல் சுருங்க ஆரம்பிச்சிருச்சு மேடம். இப்ப விட்டா மாத்து ஈரல்தான்" என்றார் அங்கிருந்த பெண். மூன்று மாத 'லிவர் க்ளீனிங்' பவுடர், 24,000 ரூபாய். பிளஸ் டூ படிக்கிற மகள்தான் மனசில் நின்றாள். அங்கேயே கார்டைத் தேய்த்துவிட்டேன்.

இரண்டு வாரம் சரியான தூக்கமில்லை. நாத்தனார்தான் பிடிவாதமாக வேறொரு ஈரல் டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் கேட்ட முதல் கேள்வி: "சாப்பிட்டுட்டா எடுத்தீங்க?" சாப்பிட்டதும் ஈரலுக்கு ரத்த ஓட்டம் கூடுமாம், இறுக்கமும் கூடுதலாகக் காட்டுமாம். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். என்னைப் போன்ற உடம்புக்கு எக்ஸ்எல் என்ற பெரிய புரோப் (விலாவில் வைக்கும் கருவி முனை) தேவை. எனக்கு வைத்தது சாதாரணமானது. ரிப்போர்ட்டின் அடியில் ஐ.க்யூ.ஆர். (தட்டித் தட்டி எடுத்த அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுகின்றன என்பது) 48 சதவீதம் என்று இருந்தது. அது 30-க்கு மேல் போனால் இந்த அளவை நம்பவே கூடாது என்றார். அதை அந்தப் பெண் எனக்குக் காட்டவே இல்லை.

பிறகு என் பழைய ரத்தப் பரிசோதனையை வாங்கி, வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் என்சைம்கள், பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 கணக்குப் போட்டார். 0.89 வந்தது. 1.3-க்குக் கீழே என்றால் ஈரலில் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. வெறும் வயிற்றில் பெரிய புரோப் வைத்து எடுத்ததில் 5.6 தான். கொழுப்பு இருக்கிறது, அதை மறைக்கவில்லை. எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பவுடர் டப்பாவில் என்ன சேர்த்திருக்கிறது என்றே போடவில்லை. அன்றே நிறுத்தச் சொன்னார்.

பரிசோதனையே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். எடையோ சர்க்கரையோ கூடுதலாக இருந்தால் கட்டாயம் பாருங்கள். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தும் ஈரலில் தழும்பு இருக்கலாம். ஆனால் முதலில் ஃபிப்-4 போட்டுத் தரச் சொல்லுங்கள், மறுபடி ஸ்கேன் எடுக்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

டப்பாவைப் பிரித்துவிட்டேனாம், பணம் திரும்பத் தர மாட்டார்களாம். பில்லில் டாக்டர் கையெழுத்தே இல்லை. அந்தப் பில்லோடும் இரண்டு ரிப்போர்ட்டுகளோடும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப் போகிறேன்.