டாக் டோர் வாங்குகிறீர்களா? பெட்டியில் போட்டிருக்கும் அளவை நம்பிக் கதவை அறுக்காதீர்கள்

நாய் தானாக உள்ளே வெளியே போய்வர வீட்டுக் கதவை அறுத்துப் பொருத்தும் சின்னக் கதவுதான் டாக் டோர். அதன் பெட்டியில் ‘லார்ஜ், 40 கிலோ வரை’ என்று போட்டிருக்கும். விற்பவர் கேட்பதும் நாயின் எடையை மட்டும்தான். பல பெட்டிகளில் இருக்கும் அளவு வெளி ஃபிரேமுடையது. நாய் நுழையும் திறப்பு அதைவிடச் சின்னது. இது கதவை அறுத்த பிறகுதான் தெரியவரும். அப்போது கேட்டால், ‘பொருத்திய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை’ என்று பில்லின் அடியில் இருக்கும் வரியைக் காட்டுவார்கள்.

அதைவிட மோசம், உயரத்தில் செய்யும் தவறு. ஒரு வீட்டில் 11 வயது லேப்ரடார் ஒன்று, 3 மாதக் குட்டி ஒன்று. பெரியதன் தோள் உயரம் 23 அங்குலம். மேல் விளிம்பு தோளுக்கு 2 அங்குலம் மேலே இருக்க வேண்டும் என்ற கணக்கில் 25-இல் வைத்தார்கள். கணக்கு சரிதான். ஆனால் விற்ற பொருளின் திறப்பு 10 அங்குல அகலம், 15 அங்குல உயரம். ஆக, கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 அங்குலத்தில் வந்து நின்றது. வெளியே சிட்-அவுட் 5 அங்குலம் பள்ளம். அங்கிருந்து பார்த்தால் 15. குட்டிக்கு அது சுவர். இடுப்பு மூட்டு தேய்ந்த கிழ நாய்க்கோ, வெளியே இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் முன்னங்கால்களில் விழும். திரும்பி ஏறப் பின்னங்கால் எழும்பாது. பொருத்த வந்தவர் வெளித் தரையை அளக்கவே இல்லை.

கிழ நாய் இருக்கும் வீட்டில் கீழ் விளிம்பு 4 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு உயரமான திறப்புள்ளதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே அறுத்தாகிவிட்டதென்றால் இரண்டு பக்கமும் படிப்பலகை போடுங்கள். நாய் நாலு காலையும் ஊன்றி நிற்கும் அகலம் வேண்டும். மேலே ரப்பர் மேட் ஒட்டாவிட்டால் வழுக்கும்.

குட்டியின் இன்றைய அளவுக்கு வாங்கினால் சில மாதங்களில் பணம் வீண். வளர்ந்தபின் வரும் அளவுக்கே வாங்குங்கள். ஃப்ளாப்பை, அதாவது திறப்பில் தொங்கும் மடலை, மூடிப் பிடிக்கும் காந்தம் பலமாக இருந்தால் குட்டியால் தள்ள முடியாது. முதல் வாரம் ஃப்ளாப்பை டேப் போட்டுத் தூக்கிக் கட்டிவைக்கலாம். மென்மையான பிவிசி ஃப்ளாப்பைக் கடித்துத் துண்டை விழுங்கும், கவனம். கண்புரை உள்ள நாய்க்குக் கண்ணாடி போன்ற ஃப்ளாப் தெரியாது. குறுக்கே வண்ண டேப் ஒன்று ஒட்டுங்கள்.

ஃப்ளஷ் டோரில் (இரு பக்கமும் பிளை ஒட்டிய சமதளக் கதவு) உள்ளே கூடாக இருந்தால் ஸ்க்ரூ பிடிக்காது. அறுத்த ஓரத்தில் நாலு பக்கமும் மரச்சட்டம் வைத்து, பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே பிளை ஊதிவிடும். டஃபன்டு கண்ணாடியில் (சூடாக்கி வலுவேற்றிய கண்ணாடி) ‘ஓட்டை போட்டுத் தருகிறோம்’ என்பவரை அனுப்பிவிடுங்கள். வெட்டினால் அது முழுசாக நொறுங்கும். ஓட்டையோடு புதிதாகச் செய்துதான் வாங்க வேண்டும்.

அறுப்பதற்கு முன்னால் அட்டையில் அதே அளவு ஓட்டை வெட்டி, அதே உயரத்தில் வாசலில் கட்டி ஒரு நாள் பாருங்கள். திறப்பின் உள்ளளவை பில்லில் எழுதி வாங்குங்கள். பாக்கிக் கூலியைக் கிழ நாய் இரண்டு பக்கமும் தானாகப் போய்வந்த பிறகு கொடுங்கள்.