உள்நாட்டுப் போரில் அயல்நாடு நுழையலாமா? போன முறைகளும் போகாத முறைகளும்

1987 ஜூன் 4 அன்று பெங்களூருவிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கிளம்பின. முந்தின நாள் இந்தியா அனுப்பிய நிவாரணப் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. அதனால் உணவும் மருந்துமாகச் சுமார் 25 டன் பொருளை வானத்திலிருந்தே போட்டார்கள். துணைக்கு மிராஜ் போர் விமானங்கள் பறந்தன. அந்த நடவடிக்கைக்குப் 'பூமாலை' என்று பெயர். அடுத்த எட்டு வாரத்தில் இந்தியப் படையே போய் இறங்கியது.

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் சுபேதார் மாமா அந்தப் படையோடு போனவர். ஏரிக்குப் பக்கத்து எம்.இ.ஜி.யில் (மெட்ராஸ் என்ஜினியர் குரூப்) பயிற்சி பெற்ற மெட்ராஸ் சேப்பர். கண்ணிவெடி எடுப்பதும் பாதை போடுவதும் அவர் வேலை. பட்டாளத்தில் மெட்ராஸ் சேப்பர்களைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிகாரி பஞ்சாபியாக இருந்தாலும் அதே 'தம்பி'தான். இன்னொரு நாட்டு உள்நாட்டுப் போரில் தலையிடலாமா என்று மாமாவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் "கூடாது" என்பார். 2009-ஐ நினைக்கும்போது எனக்கு அந்த ஒரு வார்த்தை போதவில்லை. அதனால்தான் போன முறைகளையும் போகாத முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

1971-உம் 1987-உம்

இரண்டுமே இந்தியா எல்லை தாண்டிப் போனவை. முதலாவது 13 நாளில் முடிந்தது. இரண்டாவது 32 மாதம் இழுத்தது.

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்கு பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) ஏறக்குறைய எல்லா இடங்களையும் தன்னாட்சி கேட்ட அவாமி லீக் கட்சி வென்றது. மக்கள் என்ன கேட்கிறார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் ராணுவம் டாக்காவில் சுடத் தொடங்கியது. வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்துவிட்டார்கள். வீட்டு வாசலில் ஒரு கோடிப் பேர் நிற்கும்போது "அது அவர்கள் உள்விவகாரம்" என்று எந்த அரசும் சொல்ல முடியாது. டிசம்பர் 3-இல் போர் தொடங்கி 16-இல் டாக்காவில் சரணாகதி. அடுத்த மார்ச்சுக்குள் இந்தியப் படை திரும்பிவிட்டது. எதற்காகப் போகிறோம், எப்போது வேலை முடியும் என்பது இரண்டும் படைக்குத் தெரிந்திருந்தது. ஒரு குறை உண்டு: படை போவதற்கு முன் எட்டு மாதத்துக்கும் மேல் கொலை நடந்தது.

1987-இல் இது எதுவுமே தெளிவாக இல்லை. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும். யாருடைய உரிமைக்காகச் சண்டை நடந்ததோ அந்தத் தமிழர் தரப்பிலிருந்து ஒரு கையெழுத்தும் இல்லை. 1983-க்குப் பிறகு போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான். இப்போது ஆயுதத்தைக் கீழே வை என்று சொன்னதும் இந்தியாதான். அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போர் வெடித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட முப்பது சீக்கிய வீரர்களில் ஒருவர் மட்டுமே உயிரோடு மிஞ்சினார். அதே மாதம், தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் இந்தியப் படை சுட்டதில் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் திரும்பி வரும்போது இந்தியா சுமார் 1,200 வீரர்களை இழந்திருந்தது.

மாமா அங்கே இருந்த முதல் சில மாதங்களை மட்டும் விரித்துச் சொல்வார். ஒரு ஊர்ப் பொதுக் கிணற்றைச் சுற்றிக் கண்ணிவெடி புதைந்திருந்தது. மூன்று நாள் மண்ணில் குப்புறப் படுத்து, குச்சியால் குத்திக் குத்தித் தேடி எடுத்திருக்கிறார்கள். நான்காம் நாள் ஒரு பாட்டி முதல் வாளித் தண்ணீரை இறைத்து, ஒரு செம்பு மொண்டு இவர் கையில் கொடுத்திருக்கிறார். நவம்பரில் அதே ஊருக்குச் சோதனைக்குப் போனபோது பாட்டி கதவைப் பாதிதான் திறந்தார். "தம்பி, ஆரைக் காப்பாத்த வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். பட்டாளத்தில் தினமும் நூறு தடவை கேட்ட அந்த 'தம்பி'யை அன்றைக்குக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை என்பார் மாமா.

ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. மாகாண சபைகளைக் கொண்டுவந்த, இலங்கை அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் அந்த ஒப்பந்தத்தால் வந்ததுதான். காணி, காவல்துறை அதிகாரங்கள் முழுதாகக் கைக்கு வரவில்லை என்றாலும், தமிழர்கள் சட்டப்படி சுட்டிக்காட்டிக் கேட்பதற்கு இன்றும் மிஞ்சியிருப்பது அதுதான்.

போகாமல் இருந்த இரண்டு முறைகள்

போனதால் வந்த கேட்டை மட்டும் பார்த்தால் மாமா சொல்வதே சரி என்று முடித்துவிடலாம். அப்புறம் ருவாண்டாவை என்ன செய்வது?

1994 ஏப்ரலில் டுட்சி இன மக்களைக் கொன்று குவிக்கும் வேலை தொடங்கியபோது, ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் ஒரு தொழிற்பள்ளிக்குள் இரண்டாயிரம் பேர் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். பெல்ஜிய நாட்டு ஐ.நா. வீரர்கள் அங்கே காவல் இருந்ததுதான் காரணம். ஏப்ரல் 11 அன்று அந்த வீரர்கள் வண்டியேறிக் கிளம்பினார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள். பத்து நாள் கழித்து, சுமார் 2,500 பேர் இருந்த ஐ.நா. படையை 270 ஆகக் குறைக்கப் பாதுகாப்பு மன்றம் முடிவு செய்தது. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் செத்தார்கள். ஒரு பள்ளிக்கூட வாசலில் சில பத்து வீரர்கள் நின்றவரை கொலைகாரர்கள் உள்ளே வரவில்லை என்பதைப் படித்த பிறகு, "வெளியார் போகவே கூடாது" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது, நம் பக்கத்துக் கடலில். 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பியபோது போகாதீர்கள் என்று மக்கள் கெஞ்சினார்கள். அதே மாதம் வவுனியாவில் இலங்கை ராணுவத் தளத்தை விடுதலைப் புலிகள் தாக்கியதில் இந்திய ரேடார் தொழில்நுட்பப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தார்கள். வெளியே 'தலையிடவில்லை' என்ற இந்தியாவின் பேச்சு, உள்ளே ரேடார். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் சொன்னது. அடுத்த ஆண்டு ஐ.நா.வின் உள்விசாரணை அறிக்கையே தன் அமைப்பு தோற்றுப்போனதை ஒப்புக்கொண்டது.

உள்ளே போக வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2009 பிப்ரவரியிலிருந்து மே வரை செஞ்சிலுவைச் சங்கம் முல்லைத்தீவுப் பக்கத்து புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களையும் உடன் வந்தவர்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டே இருந்தது. 13,000-க்கும் மேற்பட்டோர் அப்படி வெளியே வந்தார்கள். அரசு வசமிருந்த புல்மோட்டையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று சிகிச்சையும் கொடுத்தது. கடல்வழி திறந்திருந்தது. கப்பல்கள்தான் போதவில்லை.

வானிலிருந்து மட்டும், மேசையில் மட்டும்

நடுவில் நிற்கும் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011-இல் லிபியாவின் பெங்காசி நகர மக்களைக் கடாபியின் படையிடமிருந்து காக்க என்று பாதுகாப்பு மன்றம் அனுமதி கொடுத்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. குண்டுவீச்சு பெங்காசியோடு நிற்கவில்லை, கடாபியின் ஆட்சி விழும்வரை போனது. அதற்குப் பிறகு நாட்டை யார் நடத்துவது என்று யாரும் யோசிக்கவில்லை; சில ஆண்டுகளில் இரண்டு அரசுகள், மறுபடி போர். 1979-இல் கம்போடியாவில் சொந்த மக்களையே கொன்று குவித்த சர்வாதிகாரி 'போல் பாட்'டை வியட்நாம் விரட்டியது பெரிய காரியம். ஆனால் பத்து ஆண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

நார்வே இலங்கையில் 2002-இல் கொண்டுவந்த போர்நிறுத்தத்தால் சில ஆண்டுகள் உயிர்கள் தப்பின. மீறல்களை எழுதிவைக்க அங்கே கண்காணிப்புக் குழு இருந்தது, தடுக்க ஆள் இல்லை. இப்போது சூடானில் 2023-லிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்திருக்கிறார்கள். அங்கே வெளிநாட்டு ஆயுதம் போகிறது, மாவு மூட்டைதான் போய்ச் சேரவில்லை.

என் முடிவு

யார் ஆள்வது என்பதைத் தீர்த்து வைக்க அயல் படை போகக் கூடாது. இருதரப்புக்கும் நடுவே புகுந்து ஒரு தரப்பின் ஆயுதத்தைப் பிடுங்கும் வேலைக்கும் போகக் கூடாது. 1987 அதற்குச் சாட்சி. ஒரு கூட்டத்தையே பூண்டோடு அழிக்கும் வேலை நடக்கிறதென்றால் படை போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும், வேலை முடிந்ததும் திரும்ப வேண்டும். இது இரண்டுக்கும் இடைப்பட்ட போர்களில் சாப்பாடு உள்ளே போகவும் காயம்பட்டவர் வெளியே வரவும் ஒரு பாதையைத் திறக்க வேண்டும். அரசு அனுமதிக்கவில்லை என்றால் பாதுகாப்போடு போய்த் திறக்க வேண்டும். அடுத்த நாட்டின் இறையாண்மை என்று சொல்வார்கள். அதற்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன், ஆனால் சொந்த மக்கள் இருக்கும் மருத்துவமனை மேல் ஷெல் அடிக்கும் அரசுக்கு அந்த வாதத்தைச் சொல்ல உரிமை இல்லை.

போன வாரம் இதை மாமாவிடம் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பாதை திறக்கறேன்னுதான் எங்களையும் அனுப்புனாங்க தம்பி" என்றார். நியாயமான பயம்தான். 2009-இல் கப்பல் மட்டும் அனுப்பியிருந்தால் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நாகப்பட்டினத்துல ராத்திரி கிளம்பினா விடியறதுக்குள்ள முல்லைத்தீவு கரை தெரியும்" என்றார்.