கண்ணாடி ஹீலியம் குடுவை: வாங்கலாமா?

எம்.எஸ்சி. மாணவர்களுக்குச் செய்முறை காட்டுவதற்கென்று எங்கள் ஆய்வகத்தில் வாங்கிய கண்ணாடி டிவார் குடுவையை (இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் வைத்த, குளிர்ந்த திரவங்களுக்கான பாத்திரம்) பற்றியது இது. கண்ணாடிக் கருவிகள் செய்யும் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்தது. ஆராய்ச்சிக்கு எஃகுக் குடுவை போதும். அதில் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைத்தான் பார்க்கலாம். ஹீலியத்தைப் பார்க்க முடியாது.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குடுவைகள். வெளியே 77 கெல்வினில் (சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸ்) திரவ நைட்ரஜன், உள்ளே ஹீலியம். இரண்டிலும் வெள்ளிப் பூச்சு. மேலிருந்து கீழாக விரல் அகலத்துக்கு மட்டும் பூசாமல் விட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதல் தடவை பார்ப்பவர்கள் "எங்கே சார் திரவம்?" என்றுதான் கேட்பார்கள். திரவ ஹீலியம் அவ்வளவு தெளிவு. பின்னால் ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்தால் மட்டத்தில் மெல்லிய கோடு தெரியும், 4.2 கெல்வினில் பொடிப்பொடியாகக் குமிழி விடுவதும் தெரியும். அப்புறம் ஹீலியம் ஆவியை உறிஞ்சும் பம்பைப் போடுவோம். அழுத்தம் குறையக் குறையக் கொதிப்பு தாறுமாறாகிறது. அழுத்தம் பாதரச அளவில் 38 மில்லிமீட்டரைத் தொடும்போது, அதாவது 2.17 கெல்வினில், சட்டென்று ஒரு குமிழிகூட இல்லை. பம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, ஆவியும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் மிகைப்பாய்மமாக (உராய்வே இல்லாமல் பாயும் திரவமாக) மாறிய ஹீலியம் வெப்பத்தை அவ்வளவு வேகமாகக் கடத்துவதால் உள்ளே எந்த இடமும் தனியாகச் சூடாகிக் குமிழி விட வழியில்லை. மேற்பரப்பில் மட்டும் ஆவியாகிறது. இந்த ஒரு நொடிக்காகவே குடுவைக்குக் கொடுத்த காசு தகும்.

நூலில் கட்டிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தை முக்கித் தூக்கினால் இன்னொரு வேடிக்கை. உள்ளிருக்கும் திரவம் கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சுவரேறி வெளியே இறங்கி, அடியில் சொட்டுச் சொட்டாக விழும். "இன்னும் குளிர வைத்தால் உறையுமா?" என்ற கேள்வி தவறாமல் வரும். இந்தக் குடுவையில் உறையாது. எவ்வளவு குளிர்ந்தாலும் சுமார் 25 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால்தான் ஹீலியம் திடமாகும். நெதர்லாந்தின் லைடனில் இயற்பியலாளர் கீசம் 1926இல் அப்படித்தான் செய்தார். கண்ணாடியில் அதை முயன்று பார்க்க வேண்டாம்.

சரி, குறைகள். வெளிக் குடுவையில் நைட்ரஜன் கொதித்துக்கொண்டே இருப்பதால் அதன் குமிழிகள் காட்சியை மறைக்கின்றன. எது ஹீலியம், எது நைட்ரஜன் என்று பிள்ளைகள் குழம்புகிறார்கள். எங்களுக்கு வந்ததில் இரண்டு குடுவைகளின் இடுக்கும் நேராக இல்லை, தலையைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும். செய்தவரிடம் சொன்னதற்கு "கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் பதில் ஏற்கும்படி இல்லை. செலவும் சாமானியமில்லை: 4.2இலிருந்து 2.17க்கு இறக்குவதற்குள்ளேயே ஊற்றிய ஹீலியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகிவிடும்.

பெரிய தலைவலி வெற்றிடம். சாதாரண வெப்பநிலையில் ஹீலியம் வாயு கண்ணாடியையே ஊடுருவி இரட்டைச் சுவருக்கு நடுவிலுள்ள வெற்றிடத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே வேலை முடிந்ததும் உள்ளே வாயுவை விட்டுவைக்கக் கூடாது. அந்த வெற்றிடத்தையும் அவ்வப்போது மறுபடி பம்ப் செய்ய வேண்டும். எங்கள் குடுவையில் அதற்கென்று திறந்து மூடும் ஒரு குழாயடைப்பு வைத்துக் கொடுத்தது நல்ல காரியம். அது இல்லாமல் மூடி ஒட்டிய குடுவையை யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுற்றிலும் கம்பிவலைக் கூண்டு தனியாகச் செய்துகொள்ளுங்கள். வெற்றிடக் கண்ணாடி உடைந்தால் சில்லு முகத்துக்குத்தான் வரும்.