பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் தோட்டத்தோடு வீடு பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

3,40,000 ரூபாய். பணம் கைவிட்டுப் போய் நேற்றோடு பத்தொன்பது நாள். கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ஈஜிபுராவில் பதினோரு வருடமாக வாடகை. 30க்கு 40 சைட்டில் நாலு மாடி, மாடிக்கு இரண்டு குடும்பம். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுக் குக்கர்தான் தெரியும். அதனால்தான் வீடு விற்பனை விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் தளத்தில் 'ஐந்து குண்டே நிலம், ஓட்டு வீடு, போர்வெல், எட்டுத் தென்னை' என்று பார்த்ததும் புத்தி மழுங்கிவிட்டது. ஒரு குண்டே 1,089 சதுர அடி. ஐந்து குண்டே எங்கள் ஊர்க் கணக்கில் பன்னிரண்டரை சென்ட்! விளம்பரத்தின் மேல் பச்சை டிக் வேறு, 'சரிபார்க்கப்பட்டது' என்று.

வீட்டைக் காட்ட வந்த புரோக்கர் கன்னடத்தில்தான் ஆரம்பித்தார். நான் கணவரிடம் தமிழில் ஏதோ முணுமுணுக்க, "அக்கா, நீங்க தமிழா? நானும் அரூர்ப் பக்கம்தான்" என்றார். அப்புறம் அந்த மரத்துக் காயையே பறித்து ஆளுக்கொரு இளநீர் வெட்டினார். என் மகள் வழுக்கை சாப்பிட மட்டையிலேயே ஒரு சில்லு சீவிக் கரண்டியாகக் கொடுத்தார். பத்திரத்தை எங்கே பார்த்தேன்? அந்த மட்டைக் கரண்டியை நம்பித்தான் பணம் கொடுத்தேன்.

"சாயந்திரம் ஒயிட்ஃபீல்டு பார்ட்டி வருது அக்கா." அங்கேயே போனில் 40,000 அட்வான்ஸ். மறுநாள் பேங்கில் 3,00,000. இரண்டும் புரோக்கர் கணக்குக்கு! ஓனருக்கு வயசாகிவிட்டதாம், பேங்க் விவகாரம் தெரியாதாம். ரசீது ஒரு வெள்ளைத்தாள், மேலே ரெவென்யூ ஸ்டாம்ப்.

ஒரு வாரம் கழித்து வக்கீலிடம் காட்டினோம். பஞ்சாயத்து கொடுத்திருப்பது படிவம் 11பி, அதாவது முறையான அனுமதி இல்லாத சொத்துக்குக் கொடுப்பது, அதுவும் வீடு நிற்கிற இடத்துக்கு மட்டும். மீதி நிலம் பஹணியில், அதாவது கர்நாடக நிலப் பதிவேட்டில், இன்னும் விவசாய நிலம்தான்; அதை வீட்டு நிலமாக மாற்ற மாவட்ட ஆட்சியர் கொடுக்கும் டிசி கன்வர்ஷன் ஆகவில்லை. நாலு பேர் பெயரில் கூட்டாக இருக்கிறது. அதில் ஒரு அம்மாவின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினால், "வீட்டை விக்கறோம்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?" என்கிறார்.

அன்று தொடங்கிய அலைச்சல். புரோக்கர் முதலில் "திங்கள்கிழமை அக்கா" என்றார். பிறகு ஓனர் தர்மஸ்தலா போயிருக்கிறார். பிறகு மாமியார் சாவு. இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை. விளம்பரத் தளத்துக்கு ஆறு தடவை போன் செய்தேன். பச்சை டிக் என்னவென்று கேட்டால், போட்டவரின் போன் நம்பரைச் சரிபார்த்ததற்காம்! நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். ஸ்டேஷனில் "சிவில் கேஸ், கோர்ட்டுக்குப் போங்க." 3,40,000 ரூபாய்க்கு எல்லோரும் சொன்ன பதில் இவ்வளவுதான். அதில் ஒரு லட்சம் என் வளையல் அடகு.

வாங்குமுன் என்னென்ன பார்க்கவேண்டும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பஹணியைக் கர்நாடக அரசின் பூமி தளத்திலும் வில்லங்கச் சான்றை அதன் காவேரி தளத்திலும் நீங்களே எடுத்துப் பாருங்கள். 11பி என்றால் வக்கீலைக் கேட்காமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சர்வே நம்பரில் ஒரு துண்டை மட்டும் விற்கிறார்கள் என்றால் அந்தத் துண்டை அளந்து சர்வே துறை கொடுக்கும் 11இ ஸ்கெட்ச் கேளுங்கள். புரோக்கர் கணக்கில் பணம் போடாதீர்கள். தமிழ் பேசினார் என்பதற்காகப் போடவே போடாதீர்கள்.

அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது, பச்சை டிக்கோடு. படம் மட்டும் புதிது. திண்ணை ஓரத்தில் நாங்கள் குடித்துப் போட்ட மூன்று இளநீர் மட்டைகள் கிடக்கின்றன.