மாண்டிசோரி முறையா, செயல்திட்ட முறையா?

1939 இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் முறையில், குழந்தை தன் விருப்பப்படி பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், அப்பொருள் முன்பே வடிவமைக்கப்பட்டதாகும். உருளைகளைக் குழிகளில் பொருத்தும்போது கடைசியில் ஒன்று பொருந்தாமல் நின்றால், தன் பிழையைக் குழந்தை தானே கண்டுகொள்கிறது.

1918 இல் அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் விளக்கிய செயல்திட்ட முறையிலோ குழந்தையின் நோக்கமே தொடக்கம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் பங்குனி ஆமை ஏன் முட்டையிடுகிறது என்று ஏழு வயதுச் சிறுமி கேட்டால், முட்டைகளை எண்ணுவது கணக்காகவும், மீனவரிடம் உரையாடுவது மொழியாகவும், குஞ்சு பொரிய ஒன்றரை மாதத்துக்கும் மேல் காத்திருப்பது அறிவியலாகவும் விரியும்.

மூன்று வயதுக் குழந்தைக்கு மாண்டிசோரி முறையையும், ஆறு வயதுக்குப் பின் செயல்திட்ட முறையையும் நான் தேர்வேன். ஆனால், முந்தைய இரவு அம்மா வெட்டி ஒட்டும் தெர்மாகோல் மாதிரியைச் செயல்திட்டம் என்று அழைக்கும் பள்ளியை இக்கணக்கில் சேர்க்கவில்லை.