இன்காக்னிட்டோவா, கேஷ் அழிப்பதா? அப்லோட் ஆகாதபோது எதை முதலில் செய்வது

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், மாலை நேரம். நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் ஒரு பெண் மூன்று பக்கம் நிரப்பி, போட்டோவும் ஏற்றிவிட்டாள். கையெழுத்தை ஏற்றும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "கேஷ் கிளியர் பண்ணும்மா, சரியாயிடும்" என்றார் பக்கத்து சிஸ்டத்தில் இருந்தவர். அவளும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு அழித்தாள். லாக் அவுட் ஆகிவிட்டது. திரும்ப உள்ளே போக ஓடிபி வேண்டும். அந்த எண் அப்பாவுடையது, அவர் வேலையில் இருந்தார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால், நிரப்பியது எதுவும் இல்லை. அப்புறம்தான் கையெழுத்துக் கோப்பைப் பார்த்தேன்: 84 கேபி. தளம் கேட்டதோ 10 முதல் 20 கேபி.

அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அப்லோட் ஆகவில்லை என்றதும் ஆளுக்கொரு வழி சொல்வார்கள்: கேஷ் அழி, இன்காக்னிட்டோவில் (பிரவுசரின் தனிப்பட்ட ஜன்னல்) திற, வேறு பிரவுசருக்குப் போ, ஹாட்ஸ்பாட் போடு. நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுக்கானவை. எது எதற்கு என்று தெரியாமல் கைவைத்தால் இப்படித்தான் நேரம் போகும்.

முதலில் கேஷ். ஏற்கெனவே இறங்கிய படம், ஸ்கிரிப்ட் போன்றவற்றின் நகல்தான் அது. நாம் அனுப்பும் கோப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தளத்தின் பழைய ஸ்கிரிப்ட் தங்கிவிட்டு அப்லோட் பட்டனே வேலை செய்யாத சமயத்தில் மட்டும்தான் கேஷ் குற்றவாளி. அதற்கும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போதும்; நிரப்பியதை மட்டும் முன்னதாகச் சேமித்துக்கொள்ளுங்கள். லாக் அவுட் ஆக்குவது கேஷ் அல்ல, அழிக்கும் அதே பெட்டியில் இருக்கும் குக்கிகளுக்கான டிக். நம் லாகினை நினைவில் வைக்கும் சிறு குறிப்புகள்தான் குக்கிகள். குக்கியில்தான் சிக்கல் என்று தெரிந்தால், முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தொட்டு அந்த ஒரு தளத்தின் குக்கியை மட்டும் நீக்கலாம்.

இன்காக்னிட்டோ இதைவிட நல்ல சோதனை. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. பழைய குக்கி அங்கே வராது. நாமே அனுமதி கொடுக்காத வரை எக்ஸ்டென்ஷன்களும் (பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் கருவிகள்) ஓடாது. அங்கே கோப்பு ஏறிவிட்டால் கோளாறு பெரும்பாலும் குக்கியிலோ, விளம்பரத் தடுப்பான் மாதிரி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனிலோ இருக்கிறது. ஏறாவிட்டால் எதையும் அழிக்காமலே இரண்டையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: சில தளங்கள் ஒரே நேரத்தில் ஒரு லாகினைத்தான் அனுமதிக்கும். புது ஜன்னலில் நுழைந்தால் பழையது வெளியேறிவிடும். வரைவைச் சேமித்த பிறகே திறங்கள்.

வேறு பிரவுசர் என்று குரோமிலிருந்து எட்ஜுக்கோ பிரேவுக்கோ தாவுவதில் பெரிய பயன் இல்லை. மூன்றுக்கும் அடியில் ஓடுவது குரோமியம் என்ற ஒரே அடிப்படை மென்பொருள்தான். இன்காக்னிட்டோ சொன்னதையே பெரும்பாலும் அவையும் சொல்லும். மாற்றுவதானால் ஃபயர்ஃபாக்ஸ். அதன் எஞ்சின் வேறு.

ஹாட்ஸ்பாட்டுக்கு மாறுவதற்கு முன் குரோமின் இடது கீழ் மூலையைப் பாருங்கள். பல படிவங்களில் கோப்பு போகும்போது சதவீதம் அங்கே தெரியும். பாதியில் நின்றால் லைன் மேல் சந்தேகப்படலாம். நூறு வரை போய்விட்டுப் பிழை காட்டினால், கோப்பு சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, மறுப்பது சர்வர்தான். 60 எம்பி வீடியோவுக்கு லைன் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. சாதாரணப் படிவத்தில் இணைப்பு அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். 40 கேபி படத்துக்கு, மற்ற பக்கங்கள் திறக்கிற லைனே போதும்.

இந்த நான்கையும்விட நான் நம்புவது எஃப் 12 விசையை. அழுத்தினால் பிரவுசரின் டெவலப்பர் கருவிகள் திறக்கும். அதில் நெட்வொர்க் டேபைத் திறந்து வைத்துக்கொண்டு மறுபடி அப்லோட் செய்தால் சிவப்பாக ஒரு வரி வரும், அதில் ஒரு எண் இருக்கும். 413 என்றால் கோப்பு பெரிது. 401 அல்லது 403 என்றால் லாகின், அனுமதி சம்பந்தப்பட்டது. 500 அல்லது அதற்கு மேல் என்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் சர்வரில். 5 எம்பி வரை ஏற்றலாம் என்று தளம் எழுதியிருக்கும், சில சமயம் 3 எம்பி கோப்புக்கே 413 வரும். பல தளங்கள் பயன்படுத்தும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளில் யாரும் மாற்றாவிட்டால் வரம்பு 1 எம்பி. தளங்களை எழுதப் பயன்படும் பிஎச்பி மொழியில் ஒரு கோப்புக்கு 2 எம்பி. தளம் நடத்துபவர் அதை உயர்த்த மறந்திருந்தால், நம் கணினியில் எதை அழித்தாலும் ஏறாது. 1 எம்பிக்குள் சுருக்கி அனுப்புவதுதான் வழி.

ஆனால் எங்களிடம் வருகிறவற்றில் பெரும்பாலானவை கோப்பிலேயே இருக்கும் கோளாறுகள். ஐபோன் 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் படங்களை எச்இஐசி வடிவில் எடுக்கிறது; ஜேபிஜி கேட்கும் தளம் அதை ஏற்காது. பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றினால் பெயர்தான் மாறும், படம் மாறாது. கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் இரண்டாவது தேர்வுக்கு மாற்றிவிட்டால், அதன் பிறகு எடுப்பவை ஜேபிஜியாக வரும்.

இன்னொன்று: கோப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு அதையே வெட்டி அதே பெயரில் சேமித்தால், கோப்பு மாறிவிட்டது என்று குரோம் அனுப்ப மறுக்கும். மறுபடி தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

அந்தப் பெண்ணின் கையெழுத்து ஏ4 தாளின் நடுவில் இருந்தது. முழுத் தாளையும் ஸ்கேன் செய்திருந்தாள். தரத்தைக் குறைத்தால் கோடு சிதறிவிடும் என்பதால் அதைத் தொடவில்லை; சுற்றியிருந்த வெள்ளையை வெட்டி எடுத்தேன். 17 கேபிக்கு வந்தது. புதுப் பெயரில் சேமித்தோம். முதல் முயற்சியிலேயே ஏறியது.