டைம்ஸ்கேல்டிபியில் சங்க் அளவு: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மின்மீட்டர் அளவீடுகளைச் சில ஆண்டுகளாக, நேரவாரித் தரவுக்கான டேட்டாபேஸான டைம்ஸ்கேல்டிபியில்தான் சேமித்து வருகிறோம். புதிதாக அமைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது சங்க் அளவைத்தான், அதாவது டேபிளை நேரவாரியாக வெட்டி வைக்கும் ஒவ்வொரு துண்டும் எத்தனை நாளுக்கு என்பதை. ஹைப்பர்டேபிள் (இப்படித் துண்டு துண்டாகப் பிரியும் டேபிள்) உருவாக்கும்போது எதுவும் குறிப்பிடாவிட்டால் 7 நாளுக்கு ஒரு சங்க் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். சின்ன டேபிள் என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

வரத்து அதிகமான டேபிளில் கதை வேறு. புது சங்க் தொடங்கியதும் இன்சர்ட் (பதிவு சேர்ப்பது) பறக்கும். சங்க் நிரம்ப நிரம்ப மந்தமாகும், அடுத்த சங்க் வந்ததும் மறுபடி வேகம் பிடிக்கும். காரணம் இன்டெக்ஸ், அதாவது பதிவுகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல். மீட்டர் எண்ணை முன்னால் வைத்த இன்டெக்ஸில் ஒவ்வொரு பதிவும் ஒவ்வொரு இடத்தில் போய் விழும். இன்டெக்ஸ் ரேமில் அடங்கும்வரை கவலையில்லை. அடங்காமல் போனால் ஒவ்வொரு பதிவுக்கும் டிஸ்கைத் தொட வேண்டிவரும்.

அதனால் ரேமிலிருந்தே கணக்கைத் தொடங்குங்கள். தற்போது எழுதப்படும் சங்க் எல்லாம், இன்டெக்ஸோடு சேர்த்து, ரேமில் கால் பங்குக்குள் இருக்க வேண்டும். 16 ஜிபி சர்வரில் அது 4 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி சேர்கிறது என்றால் 7 நாளுக்கு 10.5 ஜிபி, தாங்காது. 2 நாள் தாங்கும். நாங்கள் 1 நாள் வைத்திருக்கிறோம், மீட்டர்கள் கூடிக்கொண்டே போவதால்.

பழையதை அழிப்பதிலும் சின்ன சங்க்கால் லாபம் உண்டு. ஒரு சங்கில் உள்ள எல்லாப் பதிவுகளும் கெடு (எத்தனை நாள் வைத்திருப்பது என்ற வரம்பு) தாண்டினால்தான் அது மொத்தமாக நீக்கப்படும். 90 நாள் கெடுவுக்கு 7 நாள் சங்க் வைத்தால் டிஸ்கில் 97 நாள் வரை தேங்கும்.

அதற்காக 1 மணி நேரம் என்று இறங்கிவிடாதீர்கள். ஒரு வருடத்தில் 8,760 சங்க் சேரும். நேர நிபந்தனை இல்லாத குவெரி ஒன்று வந்தால், தரவைப் படிப்பதற்கு முன் திட்டமிடவே நேரம் போய்விடும், ஒவ்வொரு சங்க்குக்கும் போடும் லாக் (பூட்டு) எண்ணிக்கையும் எகிறும்.

மாற்றுவது ஒரே வரிக் கட்டளைதான். ஆனால் இனி உருவாகும் சங்க்குக்கு மட்டுமே அது பொருந்தும், பழையவை இருந்தபடியே இருக்கும். அப்புறம், டைம்ஸோன் உள்ள நேர நெடுவரிசையில் 1 நாள் சங்க் யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவில் பிரியும், அதாவது நமக்குக் காலை 5.30 மணி. ‘இன்று’ என்று கேட்கும் அறிக்கை இரண்டு சங்க்கைத் தொட்டால் பதற வேண்டாம்.